வலிக்காத கட்டியையே முதலில் காட்ட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் பிறந்தால் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைப் பற்றிய செய்திகள் தவறாமல் வெளிவருகின்றன. கல்லூரி மாணவியர் பேரணி செல்கிறார்கள், கட்டடங்களில் இளஞ்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, மேடையில் பேசுகிறவர்கள் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்திவிடலாம் என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் எதைக் கண்டறிய வேண்டும், உடம்பில் என்ன மாறினால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது அந்தச் செய்திகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவைச் சிகிச்சை வெளிநோயாளிகள் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அந்த விடுபட்ட பகுதியை இக்கடிதத்தில் எழுத விரும்புகிறேன். கடிதம் நீளமாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டும். ‘கட்டி இருந்தால் காட்டுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளக்கூடிய செய்தி அல்ல இது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பெண்கள் அந்நோயால் இறந்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,74,000 பேர், இறந்தவர்கள் ஏறத்தாழ 43,000 பேர். அந்த ஆண்டு நோய் கண்டவர்களும் இறந்தவர்களும் ஒரே பெண்கள் அல்லர் என்பதால் ஓர் எண்ணை மற்றொன்றால் வகுத்து முடிவுக்கு வருவது சரியாகாது. ஆயினும், நம்மைவிட அதிகம் பேருக்கு நோய் வரும் நாட்டில் நம்மைவிடப் பாதிக்கும் குறைவானவர்களே இறக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. சிகிச்சை எல்லோருக்கும் எட்டாமல் இருப்பது இதற்கு ஒரு காரணம். நம் பெண்கள் மருத்துவமனைக்கு வந்து சேரும்போதே நோய் முற்றியிருப்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றித்தான் நாம் வீட்டுக்குள்ளேயே பேசி ஏதாவது செய்ய முடியும்.

எங்கள் பிரிவுக்கு வந்த பெண்களிடம் எவ்வளவு நாளாகக் கட்டி இருக்கிறது என்று கேட்டால், ஆறு மாதம் என்பார்கள், ஒரு வருடம் என்பார்கள். ஏன் இத்தனை நாள் காட்டவில்லை என்று கேட்டால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொன்ன பதில் ஒன்றே: ‘வலிக்கவே இல்லையேம்மா.’ உடம்பில் எங்கே கோளாறு இருந்தாலும் அது வலியாகத்தான் தெரியும் என்று நாம் நம்பிப் பழகிவிட்டோம். மார்பகப் புற்றுநோயில் அந்த நம்பிக்கை முழுக்கத் தவறாகிப் போகிறது. தொடக்க நிலையில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. காய்ச்சல் வராது, பசி குறையாது, வேலை செய்வதிலும் எந்தத் தடையும் இருக்காது. இதற்கு மாறாக, மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் இரு மார்பகங்களும் கனத்து வலிப்பது பெரும்பாலான பெண்கள் அறிந்த ஒன்று. அது ஹார்மோன் மாற்றத்தால் வருவது, மாதவிலக்கு வந்ததும் தணிந்துவிடும். அந்த வலிக்குப் பயந்து ஓடி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. வலிக்காத கட்டியோடு வீட்டில் இருந்துவிடுகிறவர்களைத்தான் நாங்கள் தாமதமாகப் பார்க்க நேர்கிறது. இதனால் வலிக்கும் கட்டி என்றால் பயமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வலியோடு வரும் புற்றுநோய்க் கட்டியும் உண்டு. கட்டியைக் காட்டுவதா வேண்டாமா என்பதை வலியை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

கட்டி என்றதும் நெஞ்சு உறைந்து போக வேண்டியதில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். மார்பகத்தில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இருபதுகளில் இருக்கும் பெண்களுக்கு வரும், விரலுக்குப் பிடிபடாமல் நழுவி ஓடும் நார்க்கட்டியும், நாற்பதை ஒட்டிய வயதில் வரும் நீர்க்கட்டியும் மிகச் சாதாரணமானவை. புற்றுக்கட்டி பொதுவாகக் கெட்டியாகவும், ஓரங்கள் ஒழுங்கில்லாமலும், சுற்றியுள்ள தசையோடு ஒட்டிக்கொண்டு நகராமலும் இருக்கும். இது பொதுவான அடையாளம் மட்டுமே. வழவழப்பாக, நகரக்கூடியதாக இருந்து, பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரியவந்த கட்டிகளும் உண்டு. ஆகவே வீட்டில் அம்மாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ தொட்டுப் பார்த்து ‘இது வெறும் கொழுப்புக் கட்டிதான்’ என்று சொல்லும் தீர்ப்பை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியடையக் கூடாது. அனுபவம் மிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர்களே கையால் பார்த்ததோடு நிறுத்தாமல் ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் அனுப்புகிறார்கள் என்றால், வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பொறுப்பை எப்படி ஏற்க முடியும்?

கட்டி எங்கே வரும் என்பதைப் பற்றியும் பலருக்குத் தெளிவில்லை. மார்பகத்தின் மேற்புறத்தில் அக்குளை ஒட்டிய வெளிப்பகுதியில்தான் இது மற்ற இடங்களைவிட அதிகமாகத் தோன்றுகிறது. மார்பகத் திசு அக்குள் வரை நீண்டிருப்பதால், அங்கே தட்டுப்படும் தடிப்பையும் மார்பகக் கட்டியாகவே கருத வேண்டும். மார்பில் எதுவும் தெரியாமல் அக்குளில் மட்டும் நெறி கட்டியதுபோல ஒரு வீக்கம் தோன்றி, கையில் புண்ணோ காயமோ இல்லாத நிலையிலும் சில வாரங்களுக்குக் கரையாமல் இருந்தால் அதுவும் காட்ட வேண்டியதே. காதோரத்திலோ கழுத்திலோ நெறி கட்டினால் உடனே கவனிக்கிற நம் வீடுகளில், அக்குளில் கட்டினால் மட்டும் கத்திரிவெயிலில் வரும் வேனற்கட்டி என்று விட்டுவிடுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்னரோ, தட்டுப்படாமலேயோ கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள் உண்டு. இவற்றைப் பற்றி மேடைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. மார்பகத்தைத் தாங்கி நிற்கும் நார்களை உள்ளே வளரும் கட்டி இழுக்கும்போது மேல்தோலில் ஓரிடம் குழிந்து காணப்படும். சாதாரணமாக நிற்கும்போது தெரியாத இந்தக் குழிவு, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கும்போதோ, இடுப்பில் கைகளை ஊன்றி அழுத்தும்போதோ தெரியும். கண்ணாடி முன் அப்படி நின்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்னொன்று, தோல் தடித்து, மயிர்க்கால்கள் இருக்கும் இடமெல்லாம் புள்ளிப் புள்ளியாகக் குழிந்து சாத்துக்குடித் தோலைப் போல மாறிவிடுவது. தோலுக்கு அடியில் ஓடும் நிணநீர்க் குழாய்களை நோய் அடைத்துவிடுவதால் நீர் தேங்கித் தோல் இப்படி வீங்குகிறது. இது தென்பட்டால் நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த வாரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு மார்பகம் மட்டும் அண்மைக் காலத்தில் பெரிதாவது, சுருங்குவது, மேலே ஏறுவது, வடிவம் மாறுவது ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவையே. பருவமடைந்த காலம் முதலே இரண்டும் அளவில் சிறிது வேறுபட்டு இருப்பது இயல்பு; அண்மையில் வந்த மாற்றத்தைத்தான் நான் குறிப்பிடுகிறேன்.

முலைக்காம்பில் தோன்றும் மாற்றங்களைப் பெண்கள் மருத்துவரிடம் சொல்லக் கூசுகிறார்கள், கணவரிடம்கூடச் சொல்வதில்லை. சிலருக்குக் காம்பு இளவயது முதலே உள்வாங்கி இருக்கும். அதில் அச்சப்பட எதுவும் இல்லை. நன்றாக இருந்த காம்பு, அதுவும் ஒரு பக்கம் மட்டும், சில மாதங்களுக்குள் உள்ளே இழுக்கப்பட்டாலோ, ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டாலோ அதைக் கட்டிக்கு இணையான அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். காம்பிலிருந்து நீர் கசிவதும் அப்படித்தான். இரு பக்கமும் பால் போலக் கசிவதற்குச் சில மாத்திரைகளோ ஹார்மோன் கோளாறோ காரணமாக இருக்கலாம். அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றாலும் அது புற்றுநோயாக இருப்பது அரிது. அழுத்தாமல், பிசையாமல், தானாகவே, ஒரு பக்கத்தில் மட்டும், ஒரே துளையிலிருந்து இரத்தமாகவோ, தெளிந்த நீராகவோ கசிந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும். ஜாக்கெட்டின் உள்பக்கத்தில் ஒரே இடத்தில் அடிக்கடி படும் பழுப்புக் கறையாகத்தான் பல பெண்கள் இதை முதலில் காண்கிறார்கள். துவைக்கும்போது கண்ணில் படுவதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

காம்பில் வரும் அரிப்பையும் புண்ணையும் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1874ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை மருத்துவர், காம்பில் படை போலத் தோன்றி ஆறாமல் இருக்கும் ஒரு புண்ணையும், அதைத் தொடர்ந்து அதே மார்பகத்தில் வரும் புற்றுநோயையும் தொடர்புபடுத்தி எழுதினார். இன்றும் அந்த நோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. காம்பில் செதில் உதிரும், சிவக்கும், அரிக்கும், சில சமயம் நீர் கோத்துப் பொருக்குத் தட்டும். மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைப் பூசினால் சில நாள்களுக்குக் குறைந்ததுபோல் இருந்து மறுபடி வரும். சாதாரணத் தோல்படை பெரும்பாலும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் தொடங்கும். இது காம்பிலேயே தொடங்கி வெளியே பரவும். ஒரு பக்கக் காம்பில் உள்ள புண் இரண்டு மூன்று வாரக் களிம்புக்கும் ஆறவில்லை என்றால், வேறு களிம்பு கேட்காமல் அந்த இடத்திலிருந்து சிறிது திசு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இளம் தாய்மார்களைப் பற்றி எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. அவர்களை வீணாகப் பயமுறுத்திவிடக் கூடாதே என்பதுதான் காரணம். குழந்தைக்குப் பாலூட்டும் காலத்தில் மார்பகம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிப்பது பெரும்பாலும் பால் கட்டிக்கொள்வதால் வருவது. பாலை வெளியேற்றினால், கிருமித் தொற்று இருந்து அதற்கான மருந்தை உட்கொண்டால், சில நாள்களில் சரியாகிவிடும். இதே தோற்றத்தோடு வரும் ஒரு வகைப் புற்றுநோயும் உண்டு. அது அரிதானது, அதில் கட்டி என்று எதுவும் தனியாகத் தட்டுப்படாமலே இருக்கலாம், மாதக்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் பரவக்கூடியது. எனவே பால்கட்டு என்று சொல்லி மருந்து கொடுத்தும் ஒன்றிரண்டு வாரங்களில் சிவப்பும் வீக்கமும் முழுமையாக வடியவில்லை என்றால், இன்னொரு மருந்துச் சீட்டோடு வீடு திரும்பாமல் ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் செய்யச் சொல்ல வேண்டும். பாலூட்டாத பெண்ணுக்கு, அதிலும் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இப்படிச் சிவந்து வீங்கினால் முதல் நாளே அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு ஊரில் மஞ்சள் பற்றும் முருங்கைக்கீரைப் பற்றும் மாறி மாறிப் போட்டு இரண்டு மாதம் கடத்தியிருந்தார்கள். பற்றுப் போட்ட அவளுடைய மாமியார் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அவருக்கு இந்த அறிகுறியை யாரும் எப்போதும் சொல்லித் தந்திருக்கவில்லை.

தாமதத்துக்குப் பயமும் ஒரு பெரிய காரணம். ஊசி குத்திப் பார்த்தால் நோய் கிளம்பிவிடும், கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பது எனக்குப் புரிகிறது: நோய் முற்றிய பிறகு வந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, சில மாதங்களில் இறந்துபோன யாரோ ஒருவரை ஒவ்வோர் ஊரும் பார்த்திருக்கிறது. அவரை இறக்க வைத்தது கத்தி அல்ல, அதற்கு முன் கழிந்த மாதங்கள். ஊசி வழியாகத் திசு எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவுவதில்லை. அதைச் செய்யாமல் எந்த வகைப் புற்று, எந்த மருந்து கேட்கும் என்பதை மருத்துவர்களால் முடிவு செய்யவே முடியாது. ‘மார்பையே எடுத்துவிடுவார்கள்’ என்பது அடுத்த பயம். கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தால் பலருக்கு மார்பகத்தை எடுக்க வேண்டிய தேவையே இருக்காது. இத்தாலியின் மிலான் நகரில் 1970களில் தொடங்கிய ஓர் ஆய்வின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்தன. சிறிய கட்டி உள்ள நிலையில் மார்பகத்தை முழுவதும் அகற்றிக்கொண்டவர்களும், கட்டியுள்ள பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்களும் ஒரே அளவுக்கு உயிர் வாழ்ந்தார்கள் என்பதை அது உறுதி செய்தது. மார்பகத்தை இழந்துவிடுவோம் என்று அஞ்சி வராமல் இருப்பவர்கள்தான் கடைசியில் அதை இழக்க நேர்கிறது.

பயத்தைவிட வலிமையானது, தன்னைக் கடைசியில் வைத்துப் பார்க்கும் நம் பெண்களின் பழக்கம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மகளின் திருமணம் முடியட்டும், பிள்ளையின் பொதுத்தேர்வு முடியட்டும், நெல் அறுப்பு முடியட்டும் என்று ஒன்றின் பின் ஒன்றாகத் தள்ளிப் போடுகிறார்கள். கணவனை இழந்து மகன் வீட்டில் இருக்கும் மூதாட்டிகள் புண்ணாகி நாற்றம் எடுக்கும் வரை சேலையால் மூடி மறைத்திருக்கிறார்கள். செலவு வைத்துவிடக் கூடாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் இடம் இருக்கிறது என்பதையும், அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சையும் மருந்துகளும் கிடைக்கின்றன என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரையோ, உடன் ஒரு செவிலியரையோ கேட்கும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. அப்படிக் கேட்டதற்காக எந்த மருத்துவரும் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை’ என்ற ஆறுதலும் பலரைத் தாமதிக்க வைக்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணுக் கோளாற்றால் வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை மட்டுமே. குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். அதில் தந்தை வழி அத்தைகளையும் பாட்டியையும் சேர்த்தே எண்ண வேண்டும், அந்த மரபணு தந்தை வழியாகவும் வரும். மற்றபடி இந்நோய் வருகிற பெண்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தில் முதலாவதாக நோயுற்றவர்கள்தாம். இது முதுமையில் மட்டுமே வரும் நோய் என்று வயதைப் பற்றியும் ஒரு தவறான கருத்து நிலவுகிறது. மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் இந்நோய் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்னதாகவே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் பலருக்கு வந்துவிடுகிறது. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். மொத்த நோயாளிகளில் நூற்றில் ஒருவர் அளவுக்கு அவர்கள் இருக்கிறார்கள். காம்புக்குப் பின்னால் கெட்டியான கட்டி இருந்தால், பெண்களுக்கு வரும் நோய் தனக்கு எப்படி வரும் என்று எண்ணாமல் ஆண்களும் வந்து காட்ட வேண்டும்.

மாதந்தோறும் பெண்கள் தாமே மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று பல கூட்டங்களில் வலியுறுத்துகிறார்கள். இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சீனாவின் ஷாங்காய் நகரில் 2,66,000க்கும் மேற்பட்ட ஆலைப் பெண் தொழிலாளர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. சுயபரிசோதனை முறையாகக் கற்றுத் தரப்பட்டவர்களிலும் தரப்படாதவர்களிலும் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஒரே அளவில்தான் இருந்தன. இதைக் காட்டிச் சிலர் சுயபரிசோதனையே வீண் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் குறித்து, வட்டமாக விரலை நகர்த்தி, ஒரு சடங்கு போலச் செய்வதால் மரணம் குறையாமல் போகலாம். ஆனால் தன் மார்பகம் இயல்பாக எப்படி இருக்கும் என்று அறிந்திருக்கிற பெண்ணுக்குத்தான் மாற்றம் வந்தால் தெரியும். குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் கண்ணும் கையும் அதை அறிந்திருந்தால் போதும். மாற்றம் தெரிந்த பிறகு அவள் எத்தனை நாளில் மருத்துவரிடம் போகிறாள் என்பதில்தான் நாம் முழுக் கவனத்தையும் வைக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் அந்நகரின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கையாலேயே மார்பகப் பரிசோதனை செய்தார்கள். மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே எதுவும் இல்லை. 2021இல் வெளியான 20 ஆண்டு முடிவின்படி, பரிசோதிக்கப்பட்ட பிரிவில் நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்பட்டது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்க்கும்போது மரணம் குறைந்ததை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றாலும், 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. நம் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கும் செவிலியர்களின் கைகளால் இதைச் செய்ய முடியும். 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இப்பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலே கூறுகிறது. அப்படி இருந்தும், 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழகம் இதைவிட முன்னே நிற்கிறது; ஆனால் இங்கும் நூற்றுக்கு ஆறு பேரைத் தாண்டவில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் பெண்கள், அங்கேயே ‘எனக்கு மார்பகப் பரிசோதனையும் செய்யுங்கள்’ என்று கேட்டுப் பெற வேண்டும்.

மருத்துவமனைக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரியாததும் ஒரு தடையாக இருப்பதால் அதையும் சுருக்கமாக எழுதுகிறேன். முதலில் மருத்துவர் இரு மார்பகங்களையும் அக்குள்களையும் கழுத்தையும் கையால் பரிசோதிப்பார். அடுத்து, இளம் வயதினருக்குப் பொதுவாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், நாற்பதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராமும் எடுப்பார்கள். இரண்டும் தேவைப்படுவதும் உண்டு. மேமோகிராமில் மார்பகத்தைச் சில விநாடிகள் இரு தகடுகளுக்கு இடையே அழுத்துவார்கள். சற்று வலிக்கும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் கட்டியிலிருந்து நூல் போன்ற சில திசுத் துண்டுகளை எடுப்பார்கள். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். இம்மூன்றின் முடிவும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கட்டியைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தும் கைக்குக் கட்டி தட்டுப்பட்டால் அதோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் மறுபடி கேட்க வேண்டும். முதன்முதலாக மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் நோய் இன்னதென்று முடிவாகிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று குடும்பத்தினர் யாராவது ஒருவர் தொடர்ந்து விசாரிக்க வேண்டும். சீட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனவர்களையும் நான் அறிவேன்.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு முன்னோடி வரலாறு இருக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பலரிடமும் நிதி திரட்டி 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அதன் வளாகத்திலேயே வாழ்ந்து, புற்றுநோய் என்றாலே மரணம் என்ற அச்சத்தைப் போக்கத் தொடர்ந்து பேசி வந்தார். அதே 1954ஆம் ஆண்டில்தான், புற்றுநோய் உள்ளிட்ட சில நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. கட்டியோடு வரும் பெண்களில் சிலர் எங்களிடம் வருவதற்கு முன் ‘கத்தியின்றி, ஊசியின்றிக் கட்டி கரையும்’ என்று செய்தித்தாள்களிலும் துண்டறிக்கைகளிலும் வந்த விளம்பரங்களை நம்பிப் பல மாதங்களையும், அடகு வைத்த நகைகளின் பணத்தையும் இழந்து வந்திருக்கிறார்கள். தொடக்க நிலையில் சிறிய கட்டியாக இருந்தது அந்த மாதங்களில் அக்குளுக்கும் எலும்புக்கும் போய்விடுகிறது. தங்கள் நாளிதழ் எந்த ஊரில் யார் வீட்டில் கிடந்தாலும் அதில் அச்சான எழுத்தை மக்கள் நம்புகிறார்கள். எனவே இரண்டு வேண்டுகோள்களைத் தங்கள் முன் வைக்கிறேன். மேலே எழுதிய அறிகுறிகளை, மார்பகம் என்றும் முலைக்காம்பு என்றும் வெளிப்படையாகப் பெயர் சொல்லி, தெளிவான கோட்டுப் படங்களோடு, அக்டோபரில் மட்டுமன்றி ஆண்டில் சில முறையாவது மாவட்டப் பக்கத்தில் வெளியிட வேண்டும். அருகிலுள்ள எந்த அரசு மருத்துவமனையில் எந்த நாளில் மேமோகிராம் எடுக்கிறார்கள் என்ற விவரத்தையும் அதனுடன் சேர்க்க வேண்டும். கட்டியைக் கரைப்பதாகவும் புற்றுநோயைக் குணப்படுத்துவதாகவும் உறுதி கூறும் விளம்பரம் எந்த வடிவில் வந்தாலும், வரி விளம்பரமாகவே இருந்தாலும், அதைத் தங்கள் விளம்பரப் பிரிவு ஏற்றுக்கொள்ளாதிருக்கத் தாங்கள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
தென்காசி மாவட்டம்.